சுவரும் சித்திரமும் மராமத்தும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். உடம்பைப் பேணிக்கொள் என்று அறிவுறுத்த அவர்கள் கையாண்ட உவமை அது. சுவருக்கு உரியவர் ஒருவர், சித்திரத்துக்கு உரியவர் வேறொருவர் என்று ஆகிவிட்டால் யாது செய்வது என்பதை மட்டும் அவர்கள் சொல்லிப் போகவில்லை. அந்த வினாவைத்தான் டில்லி உயர்நீதிமன்றம் 13 ஆண்டுகள் ஆராய்ந்து, 2005 பிப்ரவரி 21 அன்று ஒரு தீர்ப்பு வழங்கியது. வழக்கறிஞர் உலகில் அத்தீர்ப்பு பெரிதும் பேசப்படுகிறது. ஆயின் அரசாங்கம் மாளிகை கட்டும்போது கலைக்கென ஒதுக்கும் பணத்தைப் பற்றியும், அப்பணம் எங்கே தொடங்கி எங்கே முடிந்துவிடுகிறது என்பதைப் பற்றியும் எண்ணிப் பார்ப்பதற்கு அது எவ்வளவு உதவும் என்பதை அவ்வளவாக யாரும் எடுத்துரைத்ததாகத் தெரியவில்லை. எனவே இக்கட்டுரை.

வரலாறு இதுதான். டில்லியில் சர்வதேச மாநாடுகளுக்கென்று விஞ்ஞான் பவன் என்னும் மாளிகையை இந்திய அரசு எழுப்பிற்று. அதன் முகப்புக் கூடத்துச் சுவருக்கு ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பம் வேண்டுமென்று 1957-இல் அமர்நாத் சேகல் என்ற சிற்பியிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. சேகல் 1922-இல் இன்றைய பாகிஸ்தானிலுள்ள கேம்பல்பூரில் பிறந்தவர். பிரிவினையின்போது இப்பக்கம் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். ஐந்தாண்டுகள் உழைத்து அவர் அச்சிற்பத்தை முடித்தார். 140 அடி நீளம், 40 அடி வீச்சு. நம் ஊர்ப் பள்ளிவாசலின் முன் மண்டபத்தை அளந்து பார்ப்பவர்களுக்கு இந்த அளவின் பெருமை விளங்கும். கிராமத்து இந்தியாவும் புதிதாய் எழுந்துவரும் இந்தியாவும் அதன் பொருள். உலகின் பல நாட்டுத் தலைவர்களும் அறிஞர்களும் அந்தச் சுவரைக் கடந்துதான் மாநாட்டுக் கூடத்துக்குள் சென்றனர்.

1979-இல் ஒரு நாள் அச்சிற்பம் கழற்றப்பட்டது. சிற்பிக்கு ஒரு கடிதம் இல்லை. ஓர் அறிவிப்பு இல்லை. கழற்றிய துண்டுகள் அரசின் சாமான் அறைக்குப் போய்ச் சேர்ந்தன. செய்தியறிந்த சேகல் அலுவலகம் அலுவலகமாக எழுதிப் பார்த்தார். பயனில்லை. 1992-இல் நீதிமன்றம் ஏறினார். அரசு தன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும், எஞ்சியதை மேலும் சிதைக்காமல் தடுக்க வேண்டும் என்பன அவர் கோரியவை. அரசின் மறுமொழி மிக எளியது: பணம் கொடுத்தோம், பொருள் எங்களுடையது, எங்கள் பொருளை எங்கள் சுவரிலிருந்து எடுத்தோம்.

இந்த மறுமொழியை நாம் எளிதில் நகைத்துத் தள்ளிவிட முடியாது. சந்தையில் ஒரு நாற்காலி வாங்கியவன் அதை உடைத்து அடுப்பில் வைத்தால் தச்சன் வந்து வழக்குத் தொடுப்பதில்லை. சிற்பம் மட்டும் நாற்காலியினும் எவ்வாறு வேறுபட்டது? இதற்கு விடை பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் உள்ளது. படைத்தவன் தன் படைப்பை விற்றுவிட்ட பின்னரும், அது தன்னுடையது என்று உரைக்கும் உரிமையும், தன் மதிப்புக்கும் புகழுக்கும் ஊறு நேரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் அவனிடமே நிற்கும் என்பது அப்பிரிவு. சிற்பத்துக்குப் பணி கொடுக்கப்பட்ட அதே 1957-இல்தான் நாடாளுமன்றம் அச்சட்டத்தையும் இயற்றிற்று. ஒரு கையால் சிற்பியை அமர்த்திய அரசு, மறு கையால் அவனைத் தன்னிடமிருந்தே காப்பாற்றும் சட்டத்தையும் எழுதியது என்பதை அன்று யார் உணர்ந்தனரோ, அறியேன்.

படைப்பைக் காட்சிக்கு வைக்காமல் இருப்பது மட்டும் குற்றமாகாது என்றும் சட்டத்தில் ஒரு விளக்கம் பின்னர் சேர்க்கப்பட்டது. ஆனால் அழிப்பது என்பது சிதைவின் உச்சநிலை. ஒரு கலைஞனின் படைப்புத் தொகுதியிலிருந்து ஒன்றை இல்லாமற் செய்வது அவன் புகழையே குறைப்பதாகும் என்று நீதிபதி முடிவு செய்தார். எஞ்சிய சிற்பத்தை இரண்டு வாரத்துக்குள் சேகலிடம் திருப்பித் தர வேண்டும், அதன் மீது அரசுக்கு இனி எவ்வுரிமையும் இல்லை, 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பன ஆணைகள். சேகல் 2007 டிசம்பரில் காலமானார். மறு ஆண்டு அதே அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவித்தது.

கலைஞன் வென்றான் என்று மகிழ்ந்து கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். எனக்கு அம்மகிழ்ச்சி பாதிதான் வருகிறது. அந்தச் சிற்பம் அந்தச் சுவருக்கென்றே பிறந்தது. 140 அடிச் சுவர் எந்தச் சிற்பியின் வீட்டில் இருக்கிறது? துண்டுகளைத் திரும்பப் பெற்றவர் எதைத் திரும்பப் பெற்றார்? சுவர் அரசிடம் நின்றது, துண்டுகள் சிற்பியிடம் சென்றன, சித்திரம் மட்டும் எவரிடமும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வழக்கில் வாதி ஒருவர், பிரதிவாதி அரசு. அந்தக் கூடத்தில் நடந்து போன மக்கள் அவ்வழக்கில் ஒரு தரப்பாகவே இல்லை. அவர்கள் வரிப்பணத்தில்தான் சிற்பம் எழுந்தது. அவர்கள் பெயரால்தான் அது கழற்றவும் பட்டது.

“உருவச் சிற்பத்துக்கு இவ்வளவு பரிவா, உஸ்தாத்?” என்று என் மாணவர் சிலர் கேட்கக்கூடும். உருவங்களைப் பற்றி நம் இல்லங்களில் நிலவும் கருத்து யாவரும் அறிந்ததே. அதை மாற்றவோ விவாதிக்கவோ நான் இங்கு வரவில்லை. நான் சிற்பக் கலை கற்றவனும் அல்லேன். அரபு இலக்கணமும் பிக்ஹும் சொல்லிக் கொடுத்து வாழ்பவன். என்னை இந்த வழக்கு இழுத்ததற்குக் காரணம் ஒரு சொல்.

நம் தாத்தாமார் காலத்தில் பொதுப்பணித் துறைக்குப் பெயர் மராமத்து இலாகா. ஏரிக் கரையைக் கிராமத்தார் தாமே கூடிச் செப்பனிடுவதற்குக் குடிமராமத்து என்று பெயர். ‘மராமத்து’ தமிழில் அவ்வளவு ஆழ வேரூன்றிய சொல். ஆயினும் பிறப்பால் அரபு. ‘ரம்ம’ என்ற வினையிலிருந்து ‘மரம்மத்’. பழுது பார்த்தல், செப்பனிடுதல் என்பது பொருள். இலாகா என்பதும் அரபு மொழியின் ‘அலாகா’தான்; தொடர்பு என்பது அதன் மூலப்பொருள். மட்கிப் போன எலும்பைச் சுட்டும் ‘ரமீம்’ என்ற சொல்லையும் அகராதிகள் இதே வேரின் கீழ்தான் வைக்கின்றன. மட்குவதற்கும் மட்கியதைச் செப்பனிடுவதற்கும் ஒரே வேர். அரபு மொழியில் இத்தகைய இரட்டைகள் பல உண்டெனினும், வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சிலிர்ப்பு ஏற்படுவதுண்டு.

கட்டுகின்ற துறைக்கு நம் மக்கள் ‘கட்டும் இலாகா’ என்று பெயர் வைக்கவில்லை. பழுது பார்க்கும் இலாகா என்றே வைத்தனர். பின்னாளில் பெயர் பொதுப்பணித் துறை ஆயிற்று. பெயரோடு பழுது பார்க்கும் எண்ணமும் போய்விட்டதோ என்பதே என் ஐயம்.

இந்த எண்ணத்துக்கு நம் கல்வியில் ஓர் அடிப்படை உண்டு. ஹனபி மத்ஹபு மாணவர்கள் ஓதும் ஹிதாயாவில் வக்பு பற்றிய பாடத்தில் ஒரு விதி வருகிறது. வக்பின் வருமானத்திலிருந்து முதன்முதலில் செய்ய வேண்டிய செலவு அவ்வக்பைச் செப்பனிடும் செலவே. வக்பு செய்தவர் அவ்வாறு நிபந்தனை விதித்திருந்தாலும் சரி, விதிக்காமல் விட்டிருந்தாலும் சரி. ஏழைகளுக்கென்று ஒருவர் தோட்டத்தை எழுதி வைத்தால், ஏழைகளுக்குக் கொடுப்பதற்கு முன் தோட்டத்தின் வேலியைப் பார்க்க வேண்டும். இளமையில் இதைப் படித்தபோது கொஞ்சம் கடுமையான விதியாகவே எனக்குத் தோன்றிற்று. பசித்தவன் வாசலில் நிற்க, கொத்தனாருக்கு முதலில் கூலியா என்று உஸ்தாதிடம் கேட்டேன். “இந்த ஆண்டின் பசியை மட்டும் நீ பார்க்கிறாய்; வக்பு எல்லா ஆண்டுகளுக்கும் உரியது” என்றார் அவர்.

இவ்விதி ஏட்டில் மட்டும் கிடந்ததன்று. அரசு கஜானாவின் பணத்தில் எழுந்த கட்டடங்களுள் தாஜ்மகாலைப் போல் புகழ் பெற்றது இந்நாட்டில் வேறில்லை. 1632 அளவில் வேலை தொடங்கிற்று. அதன் சுவர்களில் கருங்கல் பதித்த எழுத்துகள் அமானத் கான் என்ற ஷீராஸ் நகரத்து எழுத்துக் கலைஞர் வரைந்தவை. உயரே செல்லச் செல்ல எழுத்தின் அளவைக் கூட்டி, கீழே நிற்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவாய்த் தோன்றும்படி அவர் அமைத்திருக்கும் திறம் வியக்கத்தக்கது. உட்குவிமாடத்தின் கீழ் அவர் தம் பெயரையும் ஹிஜ்ரி ஆண்டையும் பொறித்திருக்கிறார், அது கி.பி. 1638-39. பேரரசர் பணத்தில், பேரரசியின் கல்லறை மாளிகையில், எழுதியவனின் பெயர்! இன்றைய அரசுக் கட்டடங்களில் திறப்பு விழாக் கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். அமைச்சர் பெயர் இருக்கும், ஆட்சியர் பெயர் இருக்கும். சுவரில் சித்திரம் எழுதியவன் பெயரைத் தேட வேண்டும்.

பெயரோடு ஷாஜஹான் நின்றுவிடவில்லை. 30 கிராமங்களின் வருவாயையும், அங்காடிகள் சராய்கள் ஆகியவற்றின் வாடகையையும் தாஜ்மகாலுக்கு வக்பாக எழுதி வைத்தார். கிராமங்களால் ஆண்டுக்கு ஒரு லட்சமும், கடை வாடகையால் இரண்டு லட்சமும் வரத்தக்கதாக அக்காலக் கணக்கு கூறுகிறது. செப்பனிடும் செலவும், பணியாளர் ஊதியமும், ஏழைகளுக்கான அன்னமும் அதிலிருந்து நடக்க வேண்டியவை. கட்டும்போதே கட்டிய பின் ஆகும் செலவுக்கும் வழி செய்தார் என்பதே நமக்கு இங்கு வேண்டிய செய்தி. அவ்வளவு செய்தும் என்ன நடந்தது? 1652-இல் தக்காணத்துக்குப் போகும் வழியில் அங்கு சென்ற இளவரசர் ஔரங்கசீப், மழைக் காலத்தில் குவிமாடம் ஒழுகுகிறது என்றும், இன்னின்ன இடங்களில் ஈரம் கசிந்துள்ளது என்றும் தந்தைக்கு எழுதினார். கட்டி முடித்த சில ஆண்டுகளுக்குள் ஒழுகல்! உலகிலேயே சிறந்த கொத்தனார்கள் கட்டினாலும் மழை மழைதான். ஆனால் ஒழுகுகிறது என்று எழுதுவதற்கு ஒருவரும், அதைப் படித்து ஆவன செய்வதற்கு ஒருவரும், செலவுக்கு வருமானமும் இருந்தன. மொகலாயர் ஆட்சி தளர்ந்தபோது அந்த வருமானமும் தளர்ந்து, மாளிகை பெரிதும் சீரழிந்தது என்பதும் வரலாறே. ஆகவே வக்பு என்ற பெயரைச் சொல்லிவிட்டால் எல்லாம் காக்கப்பட்டுவிடும் என்று நான் வாதிட வரவில்லை. நம் ஊர்களில் வக்புச் சொத்துகள் கிடக்கும் கோலத்தைப் பார்த்தவர் எவரும் அவ்வாறு வாதிடத் துணியார்.

சுதந்திரத்துக்குப் பின் பொதுக் கட்டடங்கள் இந்தியக் கலைஞர்களை ஊக்குவிக்கும் களமாக வேண்டும் என்று பிரதமர் நேரு விரும்பினார். நல்ல விருப்பம். மன்னரும் ஜமீன்தாரும் போய்விட்ட நாட்டில் கலைஞனுக்கு யார் ஆதரவு என்ற கேள்விக்கு அது ஒரு விடை. அந்த விருப்பத்தின் விளைவுதான் விஞ்ஞான் பவன் சிற்பம். டில்லி ரிசர்வ் வங்கி வாசலில் நிற்கும் யட்சன், யட்சி சிலைகளும் அதன் விளைவே. சாந்திநிகேதனத்து ராம்கிங்கர் பேஜ் அவற்றைச் செதுக்கினார். உரிய கல்லைத் தேடி அவர் காங்ரா பள்ளத்தாக்கிலுள்ள பைஜ்நாத் வரை அலைந்தார். பாறைகளைக் கீழே கொண்டுவருவதே ஒரு பெரும்பாடாயிற்று. ஏறத்தாழ 24 அடி உயரம். பணி கொடுத்தது ஐம்பதுகளின் நடுவில், முடிந்தது 1967-இல். ஆடையற்ற யட்சியை வங்கி வாசலில் வைப்பதா என்று நாடாளுமன்றத்தில் கேள்வியும் எழுந்தது. இத்தனை எதிர்ப்பைக் கண்ட சிலை இன்றும் நிற்கிறது. எவரும் குறை கூறாத வெண்கலச் சிற்பம் சாமான் அறைக்குப் போயிற்று. எதிர்ப்பவன் இருந்தால் காப்பவனும் இருப்பான் போலும். அல்லது கல்லின் கனமே அதற்குக் காவலாயிற்றோ!

மேலை நாடுகளில் இதற்கு விழுக்காட்டுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று கலைக்கு என்று பிரான்சு 1951-இல் பள்ளிக்கூடக் கட்டடங்களில் தொடங்கியது. அமெரிக்க மத்திய அரசு 1963 முதல் தன் கட்டடங்களின் மதிப்பீட்டில் அரை விழுக்காட்டை ஒதுக்கலாயிற்று. அந்தப் பணத்தில் சிகாகோவில் 1974-இல் எழுந்த அலெக்சாண்டர் கால்டரின் செந்நிற எஃகுச் சிற்பம், 53 அடி, அந்த நகரத்தாரின் செல்லப் பொருளாகிவிட்டது. அதே திட்டம், அதே விழுக்காடு, நியூயார்க்கில் வேறு கதையாய் முடிந்தது.

ரிச்சர்டு செர்ரா என்ற சிற்பியிடம் அங்கே 1979-இல் பணி கொடுத்தனர். 1981-இல் அவர் மத்திய அரசு அலுவலகங்களின் முன்னுள்ள திடலின் நடுவே 120 அடி நீளம், 12 அடி உயரம் கொண்ட, சற்றே சாய்ந்த, துருப்பிடிக்கும்படி விட்ட எஃகுச் சுவர் ஒன்றை நிறுத்தினார். விலை 1,75,000 டாலர். தினமும் அவ்வழியே அலுவலகம் போவோர் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று. திடலைக் கடப்பவன் தன் நடையைத் தானே உணர வேண்டும் என்பதே சிற்பியின் நோக்கமாம். குமாஸ்தாக்களோ தங்கள் நடையை ஏற்கெனவே போதிய அளவு உணர்ந்தவர்களாய் இருந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டனர். 1985 மார்ச்சில் பொது விசாரணை நடந்தது. பேசிய 180 பேரில் 122 பேர் இருக்கட்டும் என்றனர். 58 பேர் எடுங்கள் என்றனர். ஐவர் குழு நான்குக்கு ஒன்றாக எடுத்துவிடப் பரிந்துரைத்தது. எண்ணிக்கைக்கும் முடிவுக்கும் உள்ள பொருத்தத்தைப் பாருங்கள்!

இடத்தை மாற்றினால் படைப்பே அழியும் என்று செர்ரா வழக்காடினார். 1988-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சிற்பத்தை அரசுக்கு விற்றுவிட்டபடியால் அதன் மூலம் பேசும் உரிமையையும் அவர் விற்றுவிட்டார் என்ற கருத்தில் அவர் வழக்கைத் தள்ளியது. 1989 மார்ச் 15 இரவில் அது மூன்று துண்டாய்ப் பிரித்து எடுக்கப்பட்டது. கலைஞர்களின் நெறிசார்ந்த உரிமையைக் காக்கும் சட்டம் அமெரிக்காவில் அதற்கு மறு ஆண்டுதான் வந்தது.

அமெரிக்கச் சிற்பி தோற்றார். இந்தியச் சிற்பி வென்றார். மேலெழுந்தவாறு பார்த்தால் நம் சட்டமே மேலானது என்று தோள் தட்டிக்கொள்ளலாம். ஆனால் அங்கே, முடிவு எப்படியிருந்தாலும், மூன்று நாள் உட்கார்ந்து மக்களைப் பேசச் சொன்னார்கள். சிற்பத்தை வைக்கும் முன் கேட்டிருக்க வேண்டும். எடுக்கும் முன்னாவது கேட்டார்கள். இங்கே வைக்கும்போதும் கேட்கவில்லை, எடுக்கும்போதும் கேட்கவில்லை.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இவ்விரண்டு நாட்டுத் திட்டங்களிலும் ஒரே குறை. ஒதுக்கப்படுவது வாங்குவதற்கான பணம். அரை விழுக்காடோ ஒரு விழுக்காடோ, அது திறப்பு விழாவன்று தீர்ந்துவிடுகிறது. மறுநாள் முதல் அந்தப் படைப்புக்கு முத்தவல்லி எவருமில்லை. வெண்கலத்தைத் துடைப்பவர் யார், கூடத்தை மாற்றிக் கட்டும்போது அதைப் பற்றி முடிவெடுப்பவர் யார், அம்முடிவைச் சிற்பிக்கும் மக்களுக்கும் அறிவிப்பவர் யார் என்பன எவருடைய பொறுப்பிலும் எழுதப்படவில்லை. 1979-இல் விஞ்ஞான் பவனில் சிற்பத்தைக் கழற்றிய ஆட்கள் கலையின் பகைவர்கள் அல்லர். அவர்கள் கையில் இருந்த தாளில் அது சுவரில் உள்ள ஒரு பொருள், அவ்வளவே.

நீதிமன்றமும் இக்குறையை நிரப்ப முடியாது. 1972-இல் டில்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவால் என்ற கட்டடக் கலைஞர் அமைத்த நாடுகளின் மண்டபம் 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. அவரும் அதே 57-ஆம் பிரிவைக் கொண்டு வழக்காடினார். 2019-இல் அதே டில்லி உயர்நீதிமன்றம், நிலத்துக்கும் கட்டடத்துக்கும் உரியவரின் உரிமை மேலோங்கும் என்று அவர் கோரிக்கையை மறுத்தது. சட்ட நுணுக்கங்கள் வேறாயிருக்கலாம். ஆயினும் இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படிப்பவனுக்கு விசித்திரமாய் ஒன்று தோன்றும்: சுவரில் உள்ள சித்திரத்தைச் சிதைத்தல் ஆகாது, சுவரையே இடிக்கலாம். பழமொழி சொன்ன முன்னோர் இருந்தால் என்ன சொல்வார்களோ!

அரசாங்கத்தை மட்டும் நொந்துகொள்வது நேர்மையாகாது. நான் ஓதிக் கொடுத்த ஊர்களில் ஒன்றில் பழைய பள்ளிவாசல் ஹவுளுக்கு மேல் சுண்ணச் சாந்தில் எழுத்து வேலைப்பாடு ஒன்று இருந்தது. கட்டிய ஹிஜ்ரி ஆண்டும், அதன் கீழே அரபுத் தமிழில் கொத்தனாரின் பெயரும். ஒவ்வொரு ரமலானுக்கும் முன்னே வெள்ளையடித்து வெள்ளையடித்து எழுத்தின் பள்ளங்கள் தூர்ந்துகொண்டே வந்தன. பின்னர் ஒரு நல்ல மனிதர் பணம் தந்தார். சுவர் முழுவதும் பளிங்கு ஓடு ஒட்டுவதென்று முடிவாயிற்று. அந்த இரண்டு முழ இடத்தை விட்டுவிடுங்கள் என்று கமிட்டியாரிடம் கெஞ்சினேன். “ஹஜ்ரத், சுவர் நம்முடையது, செலவும் நம்முடையது, யாரைக் கேட்க வேண்டும்?” என்றார் ஒருவர். நல்ல மனிதர், வஞ்சகமில்லாதவர். வேலை தொடங்குமுன் ஒரு காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அந்த எழுத்தைப் படியெடுத்துக்கொண்டேன். ஆண்டு முழுமையாய் விழுந்தது. கொத்தனாரின் பெயரில் பாதிதான் விழுந்தது. பல ஆண்டுகள் கழித்து டில்லித் தீர்ப்பில் அரசுத் தரப்பு வாதத்தைப் படித்தபோது அந்தக் கமிட்டியாரின் குரல்தான் என் காதில் ஒலித்தது.

செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. ஒரு கட்டடத்துக்குக் கலைக்கென 100 ரூபாய் ஒதுக்கினால், அதில் ஒரு பகுதியை மூலதனமாய் நிறுத்தி, அதன் வட்டியோ வாடகையோ போன்றதொரு நிலையான வருமானத்தை அப்படைப்பின் மராமத்துக்கென்றே வைக்க வேண்டும். (வட்டி என்றவுடன் முகம் சுளிக்க வேண்டாம், அரசின் வழக்கத்தைச் சொல்கிறேன். வாடகை நமக்கும் உகந்தது, அரசுக்கும் உகந்தது.) சிறிய சிற்பமாய் அமைந்துவிட்டால் குறையில்லை; காக்கப்படுகிற 20 அடி, காக்கப்படாத 140 அடியினும் மேல். ஒப்பந்தத்திலேயே பொறுப்பாளர் பதவி ஒன்று குறிக்கப்பட வேண்டும். எடுக்க நேர்ந்தால் சிற்பிக்கோ அவர் வாரிசுக்கோ முன்னறிவிப்பும், அவ்விடத்தில் புழங்கும் மக்களுக்கு ஒரு செவிமடுப்பும் வேண்டும். எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வக்பிலும் பயனற்றுப் போனதை மாற்றிக்கொள்ள வழியுண்டு. அதற்கும் காஜியின் அனுமதி வேண்டும், மாற்றாக வருவது முன்னதினும் தாழ்ந்ததாய் இருக்கலாகாது என்று ஃபுகஹாக்கள் நிபந்தனை வைத்தனர். ஒருவரது விருப்பத்துக்கு விடவில்லை.

இதை இப்போது எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. டில்லியில் 2023 மே 28 அன்று திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் சுவர்ச் சித்திரங்களும் சிற்பங்களும் கைவினைப் பொருள்களுமாய் ஏராளமான கலைப் படைப்புகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றின் தரம், பொருள் பற்றியெல்லாம் பலர் பலவாறு பேசிவிட்டனர். 2024 ஜூலை இறுதியில் பெய்த மழையில் அக்கட்டடத்தின் முகப்புக் கூடத்துக் கண்ணாடிக் குவிமாடம் ஒழுகி, கீழே ஒரு வாளி வைக்கப்பட்டிருந்த படத்தை நாடே பார்த்தது. ஒட்டுப்பசை விலகியதே காரணம் என்றும், உடனே சரிசெய்யப்பட்டது என்றும் செயலகம் விளக்கிற்று. அதில் குறை காண ஒன்றுமில்லை. தாஜ்மகாலே ஒழுகியதைத்தான் மேலே பார்த்தோமே. ஆனால் அந்த வாளிக்கு மேலும் பக்கத்திலும் உள்ள சித்திரங்களுக்கு ஆண்டுதோறும் மராமத்துச் செலவு எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது, அவற்றுக்குப் பொறுப்பாளர் யார், அவற்றைச் செய்த கைகளின் பெயர்ப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று நம் உறுப்பினர் எவரேனும் கேள்வி நேரத்தில் எழுந்து கேட்டால், பதில் அவைக்குறிப்பில் ஏறும். கேட்பவர் தமிழ்நாட்டிலிருந்து சென்றவராயின், ‘மராமத்து’ என்ற சொல்லையே பயன்படுத்தலாம். இந்தியிலும் உருதுவிலும் அது அனைவருக்கும் விளங்கும்.